தடம் படிப்பவர்மேல் விழும் சந்தேகம்

போன தை மாதம் கோபியில் ஒரு கல்யாண வீட்டில் சித்தப்பா என்னிடம் கேட்டார்: "ஏம்மிணி, நீ ஆராய்ச்சி பண்றது புலியைப் பத்தியா, போலீஸைப் பத்தியா?" பந்தியில் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. என் முனைவர் பட்ட ஆய்வில் இரண்டும் இருக்கின்றன. காட்டில் புலியின் காலடியைப் பார்த்துக் கணக்கு எழுதிய காலம் ஒரு பக்கம். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் மனிதர்களின் விரல்ரேகையை எடுத்து வைத்துக்கொண்டு அவர்களை இரவும் பகலும் கண்காணித்த காலம் ஒரு பக்கம். இன்றைக்கு காட்டு மரங்களில் கட்டியிருக்கும் கேமராக்கள் ஒரு பக்கம். இதெல்லாம் ஒரே ஆய்வுக்குள் எப்படி வந்தது என்று நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பந்தியில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். தடம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு என்ன ஆனது? அவர்களை எதற்கெல்லாம் பயன்படுத்திக்கொண்டோம், எப்போது சந்தேகப்பட ஆரம்பித்தோம், கடைசியில் அவர்களையே தொடர்ந்து கண்காணிக்கும் நிலை எப்படி வந்தது?

முதலில் நான் படித்தது வனவிலங்கு உயிரியல். முதுகலை முடித்த கையோடு ஒரு கணக்கெடுப்புக் குழுவில் உதவியாளராகப் போனேன். தானியங்கி கேமராக்களை மரத்தில் கட்டுவது, மெமரி கார்டு எடுப்பது, படங்களைப் பிரித்து வைப்பது என் வேலை. கேமராவை எந்த இடத்தில் கட்டுவது என்று முடிவு செய்தது நானில்லை, எனக்கு மேலே இருந்த விஞ்ஞானிகளும் இல்லை. எங்கள் முன்னால் நடந்து போன வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர். இருளர். மாயாற்றுக்கு இந்தப் பக்கம் அவருக்கு ஊர். இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். நான் அவரைத் தாத்தா என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் அம்மிணி. அவர் பெயரை ஏன் எழுதவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தாத்தா ஒரு பள்ளத்து மணலில் குனிந்தால் நாங்கள் எல்லாரும் நின்றுவிடுவோம். நாய்க்கால் என்றால் நகம் பதியும், புலி நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் பதியாது. இது புத்தகத்திலேயே இருக்கிறது. ஆண் புலியின் பின்னங்கால் தடம் சதுரத்துக்குப் பக்கத்தில் வரும், பெண்ணுடையது கொஞ்சம் நீண்டிருக்கும், இதையும் படித்திருந்தேன். அவர் பார்த்தது வேறு. தடத்துக்குள் பனித்துளி சொட்டிய சின்னச் சின்னக் குழிகள் இருந்தால், மரத்திலிருந்து பனி சொட்டுவதற்கு முன்னாலேயே புலி போய்விட்டது. இரவில் அலையும் பூச்சி தடத்தின்மேல் கோடு போட்டுப் போயிருந்தால் இருட்டுக்குள்ளேயே போயிருக்கிறது. கோடு போட்ட பூச்சியின் பாதையைத் தடம் மிதித்து அழித்திருந்தால் புலி பின்னால் வந்தது. ஓரத்து மணல் இன்னும் உதிராமல் நிற்கிறதா, குழியானைப் பூச்சி அதற்குள் குழி தோண்டத் தொடங்கிவிட்டதா, மிதிபட்ட புல் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது, இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். சில நாள் ஒன்றும் சொல்லமாட்டார். "தெரியல அம்மிணி" என்று எழுந்து நடந்துவிடுவார். அவரிடம் நான் பெரிதாக மதித்தது இதைத்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிச்சல் பெரிய கருத்தரங்குகளில்கூட எனக்கு அதிகம் காணக் கிடைத்ததில்லை.

ஒரு நாள் ஓடைக்கரைச் சேற்றில் பெரிய தடம் ஒன்று. நான் அளவு டேப்பை எடுத்துவிட்டு, "பெரிய ஆண் போலிருக்கு தாத்தா" என்றேன். அவர் தடம் போன வழியிலேயே மேட்டுக்குக் கூட்டிப் போனார். காய்ந்த புழுதியில் அதே தடம் சுருங்கி இருந்தது. "சேத்துல வச்சா குட்டியுங்கூட அப்பன் மாதிரித் தெரியும்" என்றார். 

அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் இந்தியாவின் புலிக் கணக்கு வரலாற்றை உட்கார்ந்து படித்தேன்.

காலடித் தடத்தை வைத்துப் புலிகளை எண்ணும் முறையை 1966இல் உருவாக்கியவர் ஒடிசாவின் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி. தடத்தின்மேல் கண்ணாடித் தகட்டை வைத்து அதன் உருவத்தைப் பேனாவால் வரைந்துகொள்வார்கள், பிறகு காகிதத்துக்கு மாற்றுவார்கள். நல்ல தடமாக இருந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுப்பார்கள். ஒவ்வொரு புலிக்கும் பின்னங்கால் தடம் தனி, ஆகவே தடங்களை ஒப்பிட்டுப் பார்த்து எத்தனை புலி என்று சொல்லிவிடலாம் என்பது அடிப்படை. 1972இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் 1,827 புலிகள் என்று வந்தது. அடுத்த ஆண்டு, 1973 ஏப்ரல் 1 அன்று, புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 

சௌத்ரியின் முறையை இன்று கிண்டலாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கையில் கேமராவும் கணினியும் இல்லாத காலத்தில், காட்டில் நடக்கும் கடைநிலைக் காவலரும் செய்யக்கூடிய ஒரு முறையை அவர் தந்தார். குறை எங்கே என்றால், தாத்தா சேற்றில் காட்டினாரே, அங்கேதான். மண் மாறினால் தடம் மாறும். நடை மாறினால் தடம் மாறும். வரைகிறவர் கை மாறினாலும் மாறும். புலி ஆராய்ச்சியாளர் உல்லாஸ் காரந்த் இதைச் சோதித்துப் பார்த்தார். கூண்டில் இருந்த நான்கு புலிகளின் தடப் படங்களை, எத்தனை புலி என்று சொல்லாமல், வன அதிகாரிகளிடம் கொடுத்தார். வந்த விடைகள் நான்கைத் தாண்டி எங்கெங்கோ போயின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் கேமராவை வைத்து, புலியின் உடம்பு வரிகளைக் கொண்டு ஒவ்வொன்றையும் அடையாளம் காணும் முறையைச் செய்து காட்டினார். வரி எந்தச் சேற்றிலும் மாறாது. விஞ்ஞானமாக அந்த வாதத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

ஆனால் காலடிக் கணக்கு உண்மையில் செத்தது சரிஸ்காவில். ராஜஸ்தானின் அந்தக் காப்பகத்தில் 2004இல் பதினாறுக்குக் குறையாத புலிகள் இருப்பதாக அரசுக் கணக்கு சொன்னது. 2005 தொடக்கத்தில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. கள்ள வேட்டையில் எல்லாம் போய்விட்டன. பிரதமர் அமைத்த பணிக்குழு சுனிதா நாராயண் தலைமையில் அறிக்கை கொடுத்தது. காலடி முறை கைவிடப்பட்டது. 2006இல் புதிய முறையில் எடுத்த கணக்கு, நாட்டில் 1,411 புலிகள்தான் என்றது.

சரிஸ்காவைப் பற்றி எழுதியவர்களில் பலர் "காலடி பார்ப்பது ஏமாற்று வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். என் ஆய்வின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க இந்த வரியோடுதான் சண்டை போடுகிறது. கணக்கு ஆண்டுக்கு ஆண்டு ஏற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மேலே இருந்தது. புலி இல்லை என்று எழுதினால் தன் காப்பகத்தின் பெயர் கெடும் என்ற பயம் நடுவில் இருந்தது. தடத்தைப் பார்த்துப் பழகியவருக்கு "தெரியல" என்று சொல்லும் வசதி இருந்தது. ஆனால் படிவத்தில் அதற்கு இடம் இருந்ததா? எண் கேட்டார்கள், எண் கொடுத்தார்கள். எண் பொய்யானபோது, தடத்தை மண்ணோடு சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்களின் அறிவும் அந்தப் பொய்யோடு சேர்த்து வெளியே வீசப்பட்டது. நல்ல முறை வந்தது மகிழ்ச்சி. ஆனால் தப்பு யாருடையது என்ற கணக்கைச் சரியாக எழுதாமல் விட்டுவிட்டோம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. தடம் இன்றும் போகவில்லை. நாடு தழுவிய கணக்கெடுப்பின் முதல் கட்டமே வனப் பணியாளர்கள் தங்கள் பீட்டில், அதாவது தாங்கள் காவல் பார்க்கும் காட்டுப் பகுதியில், நடந்து, காலடி, எச்சம், நகக்கீறல் என்று கண்ணில் படுவதை எல்லாம் பதிவதுதான். 2018 கணக்கெடுப்பில் இப்படி நடந்த தூரம் 5,22,996 கிலோமீட்டர். அந்த நடை சொன்ன இடங்களை வைத்துத்தான் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. மூன்றரைக் கோடிக்கு அருகில் படங்கள் வந்தன. அவற்றில் புலி இருந்த படங்கள் 76,651. கின்னஸ் சாதனையாகச் செய்தி வந்தது கேமராக்களுக்குத்தான். ஐந்து லட்சம் கிலோமீட்டர் நடந்தவர்களை யாரும் செய்தியாக்கவில்லை. கேமராவைப் பாதையின் இரு பக்கமும் முழங்கால் உயரத்தில் கட்டலாம், ஆனால் எந்தப் பாதை? அந்த இடத்தில்தான் தாத்தா மாதிரியானவர்கள் நிற்கிறார்கள்.

2021இல் மசினகுடிப் பக்கம் T23 என்ற புலியைத் தேடியது நினைவிருக்கும். மனிதர்களையும் மாடுகளையும் கொன்றுவிட்டது என்று ஊரே கொதித்தது. கொல்ல அவசரப்பட வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. டிரோன், கும்கி யானை, மோப்ப நாய் எல்லாம் வந்தன. மூன்று வாரத் தேடலுக்குப் பின் அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்தார்கள். தொலைக்காட்சியில் டிரோனை விடாமல் காட்டினார்கள். முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்த பழங்குடிகள் ஓரத்தில் தெரிந்தார்கள்.

இனி கேமராவின் மறுபக்கம். கேமராவுக்குப் புலி, மனிதர் என்ற பேதம் கிடையாது. சூடான உடம்பு ஒன்று முன்னால் அசைந்தால் படம் விழும். நான் கார்டுகளைப் பிரித்த நாட்களில் புலிப் படங்களைவிட சுள்ளி சுமந்து போகும் பெண்களின் படங்களே என் திரையில் அதிகம் வந்தன. அவற்றை "மனிதர்" என்ற போல்டரில் போட வேண்டும். போட்டேன். அந்த போல்டரை அப்புறம் யார் திறப்பார்கள் என்று எந்த நெறிமுறையிலும் எழுதியிருக்கவில்லை.

உத்தரகாண்டின் கார்பெட் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் திரிஷாந்த் சிம்லாய் 14 மாதம் தங்கி 270 பேரிடம் பேசி, 2024இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே காட்டில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் கேமராவில் விழுந்து, ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கிறது. கோபத்தில் ஊர்க்காரர்கள் கேமராக்களை உடைத்து எரித்தார்கள். அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. விறகுக்கும் புல்லுக்கும் போகும் பெண்கள் காட்டில் சத்தமாகப் பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் போவது வழக்கம். விலங்குகள் ஒதுங்கிப் போகும் என்பது ஒரு காரணம், வீட்டில் பேச முடியாததைப் பேசலாம் என்பது இன்னொன்று. கேமரா வந்த பிறகு பாட்டு நின்றுவிட்டது. யாரோ பார்க்கிறார்கள், கேட்கிறார்கள் என்ற பயம். புலியைக் காப்பாற்ற வைத்த கருவி, புலி இருக்கும் காட்டில் அந்தப் பெண்களை வாயை மூடிக்கொண்டு நடக்க வைத்துவிட்டது.

காவலர்களும் தப்பவில்லை. எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற செயலி 2010 முதல் காப்பகங்களில் பயன்பாட்டில் இருக்கிறது. ரோந்து போகிறவர் எந்த வழியில் போனார், எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு என்று ஜி.பி.எஸ். கோடாகப் பதிவாகும். புலிக்குப் பாதுகாப்பு எங்கே குறைகிறது என்று பார்க்க அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் மற்றவர் தடத்தைப் படித்துக்கொண்டிருந்தவர் இப்போது தானும் ஒரு தடமாகிவிட்டார். தினக்கூலிக் காவலர் ஒருவரின் நாள் முழுவதும் மேலதிகாரியின் திரையில் ஒரு கோடு. மேலதிகாரியின் நாளைக் காட்டும் கோடு இவரிடம் இல்லை.

இங்கேதான் போலீஸ் வருகிறது.

தொலைந்த ஒட்டகத்தின் கதை நம் எல்லாருக்கும் தெரியும். வழியில் போன நாலு பேர், ஒட்டகத்தைக் கண்ணால் பார்க்காமலே, அதற்கு ஒரு கண் குருடு, ஒரு கால் நொண்டி, வால் குட்டை, வயிற்றுவலி என்று சொல்லிவிடுகிறார்கள். பாதையின் ஒரு பக்கத்துத் தழை மட்டும் மேயப்பட்டிருந்தது, மூன்று கால் தடம்தான் சரியாக விழுந்திருந்தது என்று காரணமும் வைத்திருக்கிறார்கள். பள்ளியில் இதை அறிவுக்கூர்மைக் கதையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரியவளாகிப் படித்தபோது கதையின் நடுப்பகுதிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. இவ்வளவு சொல்கிறார்கள் என்றால் திருடியவர்களே இவர்களாகத்தான் இருக்கும் என்று ஒட்டகக்காரர் அவர்களை ராஜாவிடம் இழுத்துப்போகிறார். தெரிந்திருப்பதே குற்றத்துக்குச் சாட்சி. கதையில் நல்ல ராஜா இருந்தார், காரணம் கேட்டார், பதவியும் கொடுத்தார்.

மதுரைக்கு மேற்கே கள்ளநாட்டில் அப்படிப்பட்ட ராஜா வரவில்லை. அங்கே ஊர்க்காவல் கள்ளர் சமூகத்தாரிடம் இருந்தது. மாடு திருடு போனால் தடம் பார்த்துத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பதும், அதற்குத் துப்புக்கூலி வாங்குவதும் வழக்கம். ஆங்கிலேயர் கால ஆவணங்கள் துப்புக்கூலியை மிரட்டிப் பணம் பறிக்கும் வேலையாக எழுதின. திருடியவர்களே திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்கியதும் நடந்திருக்கும், உழைத்துத் தேடிக் கொடுத்ததும் நடந்திருக்கும். அரசாங்கத்துக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பை வைத்தே ஒருவரைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கலாம். ஆண்கள் விரல்ரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள்மேல் போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். நாடு முழுக்க அந்தச் சட்டம் ஒழிந்தது 1952இல்.

அந்த ரேகைக்கும் ஒரு தடம் உண்டு. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒரு ஒப்பந்தத்துக்காகக் கோனாய் என்ற ஒப்பந்ததாரரின் முழுக் கையையும் காகிதத்தில் பதிய வைத்தார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் வந்தது. ஆயிரக்கணக்கான ரேகைகளை வகைபிரித்துத் தேடி எடுக்கும் கணக்கைப் போட்டதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய உதவி ஆய்வாளர்களுக்குப் பெரிய பங்கு. உலகம் முழுக்க அந்த முறை அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரில்தான் போனது. படித்தவர் ஒருவர், பெயர் நின்றது இன்னொருவருக்கு. புலி ஆராய்ச்சியில் நான் பார்த்ததும் இதே வரிசைதான்.

இருளர்களின் கதையில் இரண்டும் கலந்து வரும். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் தரையில் இருக்கும் மெல்லிய கோட்டைப் பார்த்து, என்ன பாம்பு, எந்தப் பக்கம் போனது, எந்த வளைக்குள் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். தோலுக்காகப் பாம்பு பிடித்து விற்றது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு குற்றமானது. பாம்பு ஆராய்ச்சியாளர் ராமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் 1978இல் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, அதே கை விஷம் எடுக்கும் கையானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிக்கு நம் ஊசி மருந்து அங்கிருந்துதான் தொடங்குகிறது. 2017இல் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகித் தொல்லையான மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. மனசு நிறைந்த செய்தி. அதே தமிழ்நாட்டில் எங்காவது திருட்டு நடந்தால் பக்கத்து இருளர் குடியிருப்பில் போய் ஆட்களைத் தூக்கும் வழக்கமும் இருந்தது. பொய் வழக்குகள் நீதிமன்றம்வரை வந்திருக்கின்றன. பாராட்டுக்கும் லாக்கப்புக்கும் ஒரே சமூகம், சில சமயம் ஒரே திறமைக்காக.

வேறு மாதிரியும் நடக்கலாம் என்பதற்கு இரண்டு உதாரணங்களை என் ஆய்வில் வைத்திருக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் கரூ தேசியப் பூங்காவில் லூயிஸ் லீபன்பெர்க், தொண்ணூறுகளில், எழுதப் படிக்கத் தெரியாத தடம் பார்ப்பவர்களும் பயன்படுத்தும்படி படங்களால் ஆன கையடக்கக் கணினி முறை ஒன்றைக் கொண்டுவந்தார். சைபர்டிராக்கர் என்று பெயர். அதைக் கொண்டு கறுப்புக் காண்டாமிருகம் எதைத் தின்கிறது என்று பதிந்து வந்த 1999 கட்டுரையில், காரெல் பெனாடி, ஜேம்ஸ் மின்யே என்ற தடம் பார்ப்பவர்கள் இருவரும் ஆசிரியர்கள். உதவியவர்களுக்கு நன்றி என்ற கடைசிப் பத்தியில் இல்லை, மேலே ஆசிரியர் வரிசையில்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. பிரான்சின் பிரனீஸ் மலையில் துக் தோதுபேர் என்ற குகை. பனியுக மனிதர்களின் குதிகால் தடங்கள் அதன் களிமண் தரையில் அப்படியே இருக்கின்றன. அவை ஏதோ சடங்கு நடனத்தின் தடங்கள் என்று அறிஞர்கள் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த இரண்டு தொல்லியலாளர்கள், நமீபியாவின் ஜூஹோவான்சி சான் மக்களில் தேர்ந்த தடம் பார்ப்பவர்கள் மூவரை அங்கே கூட்டிப்போனார்கள். மூவரும் தரையைப் பார்த்துத் தங்களுக்குள் நெடுநேரம் விவாதித்துச் சொன்னது: நடனம் இல்லை. ஒரு ஆளும் ஒரு பையனும் களிமண் எடுக்க வந்திருக்கிறார்கள், போகும்போது சுமையோடு போயிருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் அதே குகையில் களிமண்ணால் செய்த காட்டெருமைகள் இருக்கின்றன. அந்தத் திட்டத்தில் பெஷ்-மெர்ல் குகைத் தடங்களைப் பற்றி வந்த கட்டுரையிலும் மூவர் பெயரும் ஆசிரியர் வரிசையில் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் பிறந்த "சடங்கு" என்ற சொல்லைத் தரையைப் பார்த்தவர்கள் தள்ளிவைத்தார்கள். தாத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "சுமை தூக்கினா குதிகால் வேற மாதிரி எறங்கும்ல" என்றார்.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது என் ஆய்வு நின்றுகொண்டிருப்பதே இந்த இடத்தில்தான்.

மனிதர்களிடம் பேசி ஆராய்ச்சி செய்வதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். தகவல் தந்தவர்களின் பெயரை மறைக்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. நல்ல நோக்கத்தோடு வந்த விதி. ஆனால் நான் எழுதுவதே, இந்த மனிதர்களின் பெயர் அறிவியலின் ஏட்டில் இல்லாமல் போனதைப் பற்றி. அதை எழுதும்போது நானும் "தகவலாளர் 4" என்று எழுதினால், ஹென்றி செய்ததற்கும் நான் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? தாத்தாவிடம் கேட்டேன். "பேரப் போடு அம்மிணி. எங்கப்பன் பேரையும் சேத்துப் போடு, எனக்குக் காட்டுனது அவருதான்" என்றார். பக்கத்தில் அவர் மருமகள் இருந்தார், அவர் இப்போது காவலராகத் தினக்கூலிக்குப் போகிறார். அவர் சொன்னது வேறு. "பேரு போட்டா நாளைக்கு எவனாச்சும் சந்தனமரம் வெட்டுனா, தடம் தெரிஞ்ச ஆளுன்னு மொதல்ல இங்கதான் அக்கா வருவாங்க."

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். என் வழிகாட்டி விதிப்படி மறைத்துவிடு என்கிறார். எனக்கு அது ஏற்கவில்லை. ஒருவர் என்ன சொன்னார் என்பதைப் பிரித்துப் பிரித்து, காட்டில் எங்கே என்ன இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் தகவலுக்குப் பெயர் வேண்டாம், தடத்தைப் படிக்கும் முறைக்கும் அதிலிருந்து வந்த முடிவுக்கும் பெயர் வேண்டும் என்று ஒரு வரைவு எழுதிக் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். வரியாக வரியாக அந்த வீட்டிலேயே உட்கார்ந்து படித்துக்காட்டித்தான் எழுதினேன். மருமகள் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினார். குழு அடுத்த மாதம் கூடுகிறது. அது முடிவாகும்வரை தாத்தா இங்கே தாத்தாவாகவே இருக்கட்டும்.

இதற்கிடையில் மூன்றாம் அத்தியாயத்துக்காக உசிலம்பட்டி, கீழக்குயில்குடிப் பக்கம் போகப் போகிறேன். உங்கள் வீட்டில் ரேகைச் சட்டக் காலத்தை நேரில் கேட்டறிந்த பெரியவர்கள் இருந்தால், துப்புக்கூலிப் பஞ்சாயத்து எப்படி நடந்தது, மாட்டின் தடத்தை எப்படிப் பிடித்தார்கள் என்று சொல்லக் கேட்டிருந்தால், எனக்கு எழுதுங்கள். குளம்பில் லாடத்தின் எந்தப் பக்கம் தேய்ந்தது என்று பார்ப்பார்களாமே, அப்படிப்பட்ட சின்ன விவரம்தான் எனக்கு வேண்டும். யார் சொன்னது, அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெயரை வெளியிடலாமா கூடாதா என்பதை அவர்களிடமே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.